ஒரு மணித்தியாலம்

ஒஷாவா நகரசபைக் கந்தோர், மூன்றாம் ஜன்னல்.
மெரிலின் என் கணவரின் பெயரை வாசிக்கிறாள்
நண்டு உடைக்கிற மாதிரி,
எந்த ஓடு எங்கே குத்துமோ என்று பயந்து பயந்து.
நான் உதவிக்குப் போகவில்லை.
அன்று காலைதான் வாடகை போயிருந்தது,
ஒரு ரோல்ஸ்கூட விற்காத கடைக்கு
மூன்றாம் மாத வாடகை.

வரைபடத்தில் சீலிங்கைக் காணவில்லை என்றாள்.
கடையில் இருக்குது பிள்ளை, வந்து பார் என்றேன்.
கடையில் இருப்பது கணக்கில்லையாம்.
அறுபத்தேழாம் நம்பர் துண்டைக் கசக்கிக்கொண்டு
வெளியே வந்தால்
காரில் பார்க்கிங் டிக்கெட்.
அந்தப் பகுதி மட்டும் நல்ல சுறுசுறுப்பு.

வரைபடம் இரண்டு தரம் மாறி
பனி விழத் தொடங்கிய பிறகு வார்ரன் வந்தான்.
பூட்ஸில் வீதி உப்பு, காதுக்குப் பின்னால் பென்சில்.
தேத்தண்ணி வேண்டாம் என்றான், சட்டமாம்.
கை கழுவும் தொட்டி சரி.
கிறீஸ் ட்ராப் சரி.
கழிவறைக் கதவு இரண்டு அங்குலம் ஒடுக்கம்.
கதவை அளக்கக் குனிந்தவன்
குனிந்த இடத்திலிருந்து மேலே பார்த்தான்.
பார்த்தபடியே இருந்தான்.
பிறகு ஏணி கேட்டான்.
சீலிங்கில் ஒரு சதுரத்தைத் தூக்கி டோர்ச் அடித்தான்.

மேலே யார் இருக்கிறார்கள்?

தெரியாது. ஆக்கள்.

அடுப்பில் பிடிக்கிற நெருப்பு
அந்த ஆக்களிடம் போய்ச்சேர
ஒரு மணித்தியாலமாவது எடுக்கவேண்டும் என்றான்.
இந்தச் சீலிங் பத்து நிமிஷம்கூடத் தாங்காது.
நெருப்புக்கும் அப்பொயின்ட்மென்ட் உண்டோ என்று
கேட்க வாயெடுத்து,
எவ்வளவு முடியும் என்று கேட்டேன்.

நாலாயிரத்து எண்ணூறு.
அவனுடைய வான் மூலை திரும்பும்வரை வைதேன்,
மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத தமிழில்.

அன்றிரவு கடையில் நான் தனிய.
குகதாசன் ஊபர் ஓடப் போயிருந்தார்.
வார்ரன் தூக்கிய சதுரம் திறந்தபடி கிடந்தது.
அதற்குள்ளால்
தண்ணீர் ஓடிற்று, நின்றது.
சின்னக் கால்கள் ஓடின, பெரிய கால்கள் பின்னால்.
ஈலாய், மற்றச் சொக்ஸ் எங்கே, என்று ஒரு பெண்குரல்.
ஒரு போளை விழுந்தது.
பழைய கட்டடம், தரை சாய்வு.
அது ஆறுதலாக உருண்டு உருண்டு
நான் பொரிக்கிற அடுப்பு வைக்கப்போகும் இடத்துக்கு
நேர் மேலே வந்து நின்றது.

ஒரு மணித்தியாலத்தில்
எண்பது ரோல்ஸ் சுற்றுவேன்.
ஒரு பொடியனின் ஒற்றைச் சொக்ஸைத் தேடி எடுக்க
அது காணுமோ தெரியாது.
பத்து நிமிஷம் காணாது.
இரண்டு வளர்த்தவள் நான்.

கையில் கிடந்த காப்பு இறங்கியது.
இரட்டை அடுக்காகப் பலகை ஏறியது.
கதவு நிலையையும் இடித்து அகட்டியாயிற்று.
ஐந்து கிழமை கழித்து வார்ரன் வந்து
தர்ப்பூசணி தெரிவதுபோல
விரல் மடக்கி, அண்ணாந்து, தட்டிப் பார்த்தான்.
கையெழுத்து வைத்தான்.
நல்ல வேலை என்றான்.
நான் சிரிக்கவில்லை.
ஐந்து கிழமை வாடகையைச் சிரித்துக் கழிக்க ஏலாது.
கேட்காமலே தேத்தண்ணி வைத்தேன்,
குடிக்காமலே போனான்.
ஆறினதை நானே குடித்தேன்.

இப்போது கடை ஓடுகிறது.
பெயர்ப்பலகை நாலு அங்குலம் கூட நீட்டிக்கொண்டு நிற்கிறதாம்,
நேற்று இன்னொரு கந்தோரிலிருந்து கடிதம்.
அதைக் காசுப்பெட்டிக்குக் கீழே செருகியிருக்கிறேன்.

பூட்டுகிற நேரம்
புகை இழுக்கும் விசிறியை நிறுத்திவிட்டு
கொஞ்சம் அண்ணாந்து நிற்பேன்.
ஒன்றும் கேட்பதில்லை.
அவ்வளவு நல்ல சீலிங்.